நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் மூளை நரம்புகளின் துடிப்பு மாறுமா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டையில் இருக்கும் தன் ஆயாவைப் பற்றி எழுதியிருக்கிறார். சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபட்டு மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளி, பகலெல்லாம் தூங்கி வழிகிறார், ராத்திரியில் விழித்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கை வேறு உதறுகிறது. சொந்தக்காரர்கள் "வயசாச்சுல்ல" என்கிறார்களாம். நான் காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், என் அப்பத்தாவுக்கும் இதே நோய். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாறும். ஆனால் எல்லாருக்கும் ஒரே பக்கமாக மாறாது. சிலருக்கு மூளை மந்தமாகும், சிலருக்கு அளவுக்கு மீறித் தூண்டப்படும். ஒரே ஆளுக்கே இரண்டும் வரலாம். தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்துத் தூண்டி, கை தசை எவ்வளவு எளிதில் அசைகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. சிஓபிடி நோயாளிகளிடம் அந்த அளவு மாறியிருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

மந்தமாவதற்கு முக்கியக் காரணம் கரியமில வாயு. ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டும். நுரையீரல் அதை வெளியேற்ற முடியாமல் போனால் அது சுலபமாக மூளைக்குள் போய் அமிலத்தன்மையைக் கூட்டும், நரம்பணுக்கள் சோம்பிவிடும். தூங்கும்போது மூச்சு இன்னும் குறையும் என்பதால் ராத்திரியில் இது ஏறும். காலையில் தலைவலியோடு எழுந்திருப்பதும் பகல் தூக்கமும் அதனால்தான்.

கை உதறலில் இரண்டு வகை உண்டு. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தான சால்புடமால் இழுத்த கொஞ்ச நேரத்தில் வருவது மெல்லிய, விடாத நடுக்கம். அது தசையில் மருந்து செய்யும் வேலை, பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இன்னொன்றுதான் கவலைக்குரியது. இரண்டு கைகளையும் நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் உள்ளங்கையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு திடீரென்று தொங்கி, உடனே நிமிர்ந்து, மறுபடி தொங்கினால், மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை நொடிப்பொழுது அறுந்து போகிறது என்று பொருள். கரியமில வாயு ஏறியிருக்கலாம் (கல்லீரல், சிறுநீரகக் கோளாறிலும் இப்படி வரும்). அப்பத்தா காபி டம்ளரைக் கை நழுவவிட்டுவிட்டு, "கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குதுடா" என்றது இதைத்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்றுதான் காட்டும், கரியமில வாயுவைக் காட்டாது. 90 என்று நல்லபடியாகத் தெரியும், உள்ளே வாயு ஏறிக்கொண்டிருக்கும். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "பாவம், மூச்சு வாங்குதே" என்று வீட்டு ஆக்சிஜனை நாமாகக் கூட்டி வைப்பதும் ஆபத்து. இவர்களில் பலருக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவீதமே இலக்கு, அதற்கு மேல் போனால் கரியமில வாயு இன்னும் ஏறலாம். ராத்திரி விழிக்கிறார் என்று கடையில் வந்து தூக்க மாத்திரை கேட்பவர்களும் உண்டு. நான் கொடுப்பதில்லை. இருக்கிற மூச்சையும் அது அமுக்கிவிடும்.

இனி எதிர்ப்பக்கம். ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் நரம்பணுக்கள் நிலைகொள்ளாமல் போகும். பதற்றம், குழப்பம், சில சமயம் வலிப்பு. கரியமில வாயு சட்டென்று இறங்கினாலும் மூளை துள்ளும். வலிப்பு நோய் சந்தேகத்தில் ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுக்கும்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வது அதைத் தூண்டிப் பார்க்கத்தான். ரொம்ப நாளாக வாயு ஏறிக் கிடந்தவருக்கு வெண்டிலேட்டரில் அதை மடமடவென்று இறக்காததும் இதற்காகவே.

என் கவலை அதிகமும் மூச்சுக்குழாயை விரிக்கக் கொடுக்கும் தியோஃபிலின் மாத்திரை மேல்தான். காபியில் இருக்கும் கஃபீனின் சொந்தக்காரன் இது. மூளைக்கு அடினோசின் ஒரு பிரேக் என்றால், அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடும், வாந்தி போன்ற முன்னறிவிப்பு இல்லாமலே வலிப்பு வரக்கூடும். சளிக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்த்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறும். பீடியை நிறுத்தினாலும் ஏறும்! நிறுத்துவது நல்லதுதான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாத்திரை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் புகைபிடிக்காத ஆச்சிமாருக்கும் இந்த நோய் வருவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். கல்யாணப் பலகாரம் என்றால் வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து தேன்குழலும் மணகோலமும் சுட்ட தலைமுறை அது. விறகுப் புகை ஒன்றே போதும்.

உங்கள் ஆயாவை நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள். அந்த மணிக்கட்டுச் சோதனையை வீட்டிலேயே செய்து கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். எழுப்பினாலும் சரியாக விழிக்காத அளவுக்குத் தூக்கமென்றால் மருத்துவர் நேரத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.