சட்டம் கேட்போம்: கிராண்டில் யார் பெயர், காசு யாருடையது?

கேள்வி: ஐயா, செந்தூலில் இருந்து எழுதுகிறேன். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, இரவில் எல்.எல்.பி. வகுப்பு. ஈக்விட்டி (இங்கிலாந்து நீதிமன்றத்தில் நியாயம் பார்த்து உருவான சட்ட விதிகள்) பாடத்தில் சூத்திரங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு சம்பவத்தைக் கொடுத்துக் கேட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. இங்கிலாந்தின் பழங்கதை நமக்கு எதற்கு என்றும் தோன்றுகிறது.

பதில்: தம்பி, சூத்திரங்களைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். பினாங்கில் என்னிடம் சேம்பரிங் (வக்கீல் தொழில் பயிற்சி) செய்ய வரும் பிள்ளைகளிடம், எந்த ஃபைலைக் கொடுத்தாலும் முதலில் இரண்டு கேள்விதான் கேட்பேன். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், யார் பெயர்? காசு யார் கையிலிருந்து போனது? இரண்டுக்கும் ஒரே ஆள் என்றால் அங்கே ஈக்விட்டிக்குப் பெரும்பாலும் வேலையில்லை. வேறு வேறு ஆள் என்றால்தான் உங்கள் பாடம் ஆரம்பிக்கிறது.

பட்டர்வொர்த்தில் ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வையுங்கள். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. விற்றவரும் பெயர் மாற்றத்துக்கான 14ஏ படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நில அலுவலகத்தில் மட்டும் இன்னும் பெயர் மாறவில்லை. கிராண்டை மட்டும் பார்த்தால் வீடு இன்னும் விற்றவருடையது. ஆனால் ஈக்விட்டி அவரைப் பார்த்து, "பெயர்தான் உன்னுடையது, வீடு அவருடையது, அவருக்காகத்தான் வைத்திருக்கிறாய்" என்கிறது. நம் கூட்டரசு நீதிமன்றம் 1996இல் போர்னியோ ஹவுசிங் வழக்கில் இதைப் பேசியிருக்கிறது. தீர்ப்பை முழுசாகப் படியுங்கள், நோட்ஸை நம்பாதீர்கள்.

பழங்கதைகளில் ஒன்றையாவது விடாதீர்கள்: 1726இல் வந்த கீச் எதிர் சேண்ட்ஃபோர்டு வழக்கு. ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுபிள்ளைக்குச் சேர வேண்டியது, பிள்ளைக்காக அதைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டி கையில் இருந்தது. தவணை முடிகிற நேரத்தில் டிரஸ்டி பிள்ளைக்காகப் புதுப்பிக்கக் கேட்டார். சிறுபிள்ளைக்குத் தரமாட்டேன் என்றார் உரிமையாளர். சரி, எனக்காவது கொடுங்கள் என்று டிரஸ்டி தன் பெயரில் வாங்கிக்கொண்டார். இதில் மோசடி ஏதும் இல்லை, நீதிபதியே அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தகையும் லாபமும் பிள்ளைக்குத்தான் என்று தீர்ந்தது. உலகத்தில் அந்தக் குத்தகையை எடுக்கக்கூடாத ஒரே ஆள் டிரஸ்டிதான். எனக்கே இது கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது. ஆனால் இந்தக் கதவை ஒரு விரற்கடை திறந்துவிட்டால், எல்லா டிரஸ்டியும் "கேட்டேன், தரவில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்.

நமக்கு எதற்கு என்றீர்களே. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் இருந்த காமன் லாவும் (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச் சட்டம்) ஈக்விட்டியும் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். நம் எழுத்துச் சட்டம் வேறு மாதிரி சொல்லாதவரை, நம் சூழ்நிலைக்கு ஒத்துவரும் அளவுக்கு. காமன் லாவும் ஈக்விட்டியும் மோதினால் ஈக்விட்டி சொல்வதே நிற்கும். காமன் லா நீதிமன்றங்களோடு வந்த சண்டையில், இங்கிலாந்தின் ஜேம்ஸ் அரசர் 1616இல் ஈக்விட்டி வழங்கிய சான்சரி நீதிமன்றத்தின் பக்கம் நின்ற கதையின் வால்தான் இது.

கேள்வி: கடை வீட்டை எனக்கே தருவதாக அண்ணன் வாய்வார்த்தையாகச் சொன்னார். இப்போது அவர் இல்லை. ஈக்விட்டியில் கேட்கலாமா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: சும்மா தருகிறேன் என்று சொன்னதற்காக மட்டும் ஈக்விட்டி வராது அம்மா. ஆனால் அந்தச் சொல்லை நம்பி நீங்கள் கூரை மாற்றியிருந்தால், வங்கித் தவணை கட்டியிருந்தால், அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் கதை வேறு. ரசீதுகளைத் தேடி எடுங்கள். அண்ணன் பிள்ளைகள் கிராண்டை மாற்றுவதற்குள் ஒரு லாயரைப் பார்த்து, கேவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட வழியுண்டா என்று கேளுங்கள்.