கண்கள் மட்டும் தெரியும் அட்டை போலியல்ல

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான பாய்சனின் இரண்டாம் ஆல்பமான 'ஓப்பன் அப் அண்ட் சே... ஆ!' இசைத்தட்டைப் பழைய கடையில் வாங்கியதாகவும், அட்டையில் இரு கண்கள் மட்டுமே இருப்பதால் போலியோ என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்! 1988இல் வந்த முதல் அட்டையில், சாயம் பூசிய முகத்தோடு ஒரு பெண் நீண்ட நாக்கை நீட்டிக்கொண்டிருப்பாள். எதிர்ப்பு கிளம்பவே, மேலும் கீழும் கருப்பாக மறைத்து, கண்களை மட்டும் விட்டு மறுபடி அச்சிட்டார்கள். பாடல்கள் அவையேதான்.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடியுங்கள். பொறித்த எண்கள் தெரியும். அதைப் படமெடுத்துப் போடுங்கள், தட்டு எந்த அச்சுப் பதிப்பு என்று தேடிப் பார்க்கலாம். அதற்குமுன் இரண்டாம் பக்கத்தில் 'எவ்ரி ரோஸ் ஹேஸ் இட்ஸ் தார்ன்' கேளுங்கள். கிதாருக்கு முன்னால் வரும் அந்தப் பெருமூச்சு தெளிவாகக் கேட்டால், தட்டு நல்ல நிலையில்தான் இருக்கிறது.