கொரங்காட்டை வாட்டர்கலரில் வரைந்தால் ஏன் காலண்டர் படமாகிவிடுகிறது?

திருப்பூரில் வேலை, ஊர் காங்கேயம் பக்கம், கொரங்காட்டை வரைந்தால் காலண்டர் படம் மாதிரி வருகிறது என்கிறீர்கள். டியூபில் வரும் சாப் கிரீன் என்ற பச்சையை அப்படியே பூசியிருப்பீங்க. கொரங்காடு மானாவாரி மேய்ச்சல் நிலமுங்க. ஐப்பசி மழைக்குப் பிறகு கொஞ்ச நாள்தான் பச்சை. பங்குனியில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கும். அதற்கு எல்லோ ஓக்கர் என்ற மஞ்சள் காவியில் ஒரு சொட்டு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போதும். காட்டைச் சுற்றியுள்ள கிளுவை மர உயிர்வேலி இலை உதிர்த்து நிற்கும். பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் அந்தச் சாம்பல் கிடைக்கும். வெள்வேல மரத்தின் உச்சி குடை மாதிரி விரியும், பட்டை வெளுப்பு. அடிமரத்துக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டு நிழல் பக்கம் மட்டும் தொடுங்க.

மாட்டில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். காங்கேயம் பூச்சிக்காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு விடும் காளைக்கு, திமிலும் கழுத்தும் முன்தொடை பின்தொடையும் கருத்திருக்கும். காயடித்த எருது வெளிறிவிடும். கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாசத்தில் நிறம் மாறும். கன்றையும் வெள்ளையாகப் போட்டால் மாடு வளர்ப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

போர் தண்ணீரில் கலக்காதீங்க. உப்பால் நிறம் திரிதிரியாகும். மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ நல்லது. வெயில் ஏறினால் வானம் பூசி முடிப்பதற்குள் காய்ந்து ஓரம் கோடாகப் பிடிக்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டு, 9 மணிக்குள் முடியுங்க.

காற்றாலையையும் கரண்ட் கம்பியையும் விட்டிருப்பீங்க என்றும் தோன்றுகிறது. ஏக்கத்தோடு வரைவது தப்பு என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கிராமக் காட்சி என்றாலே எடுத்துக்காட்டும், இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டிப் படம் 1821-இல் லண்டனில் தீட்டியது. படத்தில் உள்ள ஸ்டவர், மதகு கட்டிச் சரக்குப் படகு ஓட்டிய ஆறு; அவர் அப்பாவின் மாவு மில்லும் அங்கேதான். ஆக, அதுவும் தொழில் நடந்த இடம்தான்; காற்றாலையும் கம்பியும் உங்கள் படத்தில் இருக்கலாம். மேகத்தை வரைந்தால் பின்பக்கம் தேதி, மணி, காற்று வந்த திசை எழுதிவைப்பார். நீங்களும் எழுதுங்க: பங்குனி, காலை 7, மேல்காற்று.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டால் தழைக்கும் வேலி அது, ஆட்டுக்குத் தழையும் அதிலேயே. பார்க்கவே வயிறு எரிகிறது. வேலி இன்னும் நிற்கிற காட்டை முதலில் வரையுங்க.