ஃபார் லூப்பில் நின்றுபோன பையனுக்கு

எட்டாவது படிக்கும் பையன் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுத்தரும் வீடியோக்களில் ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) வரை பார்த்துவிட்டு, இப்போது லேப்டாப்பையே திறப்பதில்லை என்கிறீர்கள். இன்னொரு வீடியோ வேண்டாம், ஒரு மைக்ரோபிட் வாங்கிக் கொடுங்கள். நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினி அது: உள்ளங்கையில் அடங்கும் பலகை, 25 எல்இடி விளக்கு, இரண்டு பட்டன்.

என் மகள் இரண்டு ஆணியைத் துளசித் தொட்டியில் குத்தி, கிளிப் வயரால் ஒன்றை 3 வோல்ட் முனையிலும் மற்றதை ‘0’ என்று எழுதிய முனையிலும் மாட்டினாள். மண் ஈரமானால் பலகை அளக்கும் எண் ஏறும், காய்ந்தால் இறங்கும். எந்த எண்ணுக்குக் கீழே சோக முகம் காட்டுவது என்று நாலு நாள் தண்ணீர் ஊற்றாமல் பார்த்தாள். (துளசி பிழைத்துக்கொண்டது.) இஃப் கண்டிஷன், அதாவது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற கட்டளை, அப்படித்தான் புரிந்தது.

அப்புறம், தெருவில் ஒரு நண்பனையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு பலகை இருந்தால் ரேடியோவில் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். பிழை வந்தால் நீங்கள் மட்டும் கீபோர்டைத் தொடாதீர்கள்.