அல்பாக்கா ரோமக் கத்தரிப்பில் உதவியாளின் வேலை

கேள்வி: பண்ணை ஒன்றில் அல்பாக்காக்களுக்கு (ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பப் பிராணிகள்) ரோமம் கத்தரிக்கும்போது உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மெஷின் பிடிக்கத் தெரியாது. என்ன வேலை இருக்கும்? எங்கே தவறு நேரும்?

பதில்: மெஷினை உங்கள் கையில் தர மாட்டார்கள், தந்தாலும் வாங்காதீர்கள். அல்பாக்காவின் தோல் மெல்லியது, சுலபமாக வெட்டுப்படும். உங்களுக்கு வருவது தலை பிடிப்பது, ரோமம் அள்ளுவது, தரை பெருக்குவது. ஒரு வருட ரோமம் வீணாவது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான்.

காலையில் முதல் வேலையாக ரோமத்தைப் பிரித்து அடிவரை விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் கத்தரிக்கக் கூடாது. பிளேடு அடைத்துக்கொள்ளும், ரோமம் போடும் பைக்குள் பூஞ்சை பிடிக்கும். மழை வரும் போலிருந்தால் முந்தின இரவே கொட்டகைக்குள் அடைத்துவிட வேண்டும். அப்போதே தீவனத்தையும் நிறுத்துவார்கள். வயிறு நிறைந்த பிராணியைப் படுக்கவைத்து இழுத்துக் கட்டினால், இரை மேலே வந்து மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து உண்டு.

முன்கால்களையும் பின்கால்களையும் எதிரெதிர்ப் பக்கம் கயிற்றால் இழுத்து, பாயில் ஒருக்களித்துக் கிடத்துவார்கள். தலை பிடிப்பவர் முழங்காலிட்டு, கழுத்தை நேராக வைத்து, தாடைக்குப் பின்னால் அழுத்தாமல் பிடிக்க வேண்டும். தரைப் பக்கம் இருக்கும் கண்ணுக்கு அடியில் மடித்த துணி. துப்பும் பிராணிக்கு மூக்கின் மேல் பழைய சாக்ஸ், ஆனால் தளர்வாக. அதன் மூச்சு உங்கள் பொறுப்பு. புரட்டும்போது உடம்போடு தலையும் சேர்ந்தே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

முதுகும் விலாவும் சேர்ந்த ரோமம்தான் முதல் தரம். அது ஒரே விரிப்பாக வரும்போது கலைக்காமல் அள்ளித் தனிப் பையில் போடுங்கள். பண்ணைக்காரர் நுண்மைச் சோதனைக்கு (இழை எவ்வளவு மெல்லியது என்று பார்க்க) மாதிரி கேட்டால், விலாவின் நடுவிலிருந்து கையளவு அப்போதே எடுத்துவிட வேண்டும். கழுத்து ரோமம் இரண்டாம் பை. வயிறு, கால் ரோமம் முரடு, அது மூன்றாவது. இதில் ஒரு பிடி முதல் பைக்குப் போனாலும் நூலில் குத்தும். மெஷின் ஒரே இடத்தில் இரண்டாம் முறை ஓடினால் அரை அங்குலத் துணுக்குகள் விழும். அவை நூலில் உருண்டை உருண்டையாகத் திரளும், அதனால் பையில் சேர்க்காமல் பெருக்கித் தள்ளுங்கள்.

வெள்ளையில் தொடங்கி, இளம்பழுப்பு, பழுப்பு என்று போய்க் கறுப்பில் முடிப்பதே முறை. வெள்ளையில் கலந்த கறுப்பு மயிரை எந்த வெளிர்ச் சாயமும் மறைக்காது. வரிசை சரியாக இருந்தாலும் ஒவ்வொரு பிராணிக்குப் பிறகும் பாயைப் பெருக்குங்கள்.

பைக்குப் பழைய சாக்கு வேண்டாம். அதன் இழை ரோமத்தில் கலந்தால் பிரிக்க முடியாது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான் சரி. பிராணியின் பெயர், உடல் பகுதி, தேதி மூன்றையும் சீட்டில் எழுதி உடனே போடுங்கள். பையின் வாயை அன்றிரவு கட்டாதீர்கள், மிச்ச ஈரம் வெளியேறட்டும்.