லேபிள் சம்மதித்துவிட்டது, பாட்டை வெளியிடலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு செய்திருக்கிறேன். 1960களில் வந்த ஆங்கில இசைத்தட்டு ஒன்றிலிருந்து நான்கு விநாடி வயலினை எடுத்து லூப் போட்டிருக்கிறோம். லேபிள், அதாவது அந்த இசைத்தட்டு நிறுவனம், சம்மதித்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. "ஐந்து விநாடிக்குள் என்றால் அதுகூட வேண்டாம், 300 பவுண்டு கொடுத்தால் அனுமதி உண்டு என்ற கிளியரன்ஸ் சான்றிதழே வாங்கித் தருகிறேன்" என்கிறார் புரோக்கர் ஒருவர். வெளியிடலாமா, ஐயா?

பதில்: வெளியிடாதீர்கள். அந்த 300 பவுண்டையும் கொடுக்காதீர்கள்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் லேபிளிடம் இருக்கும். மெட்டின் உரிமை, அதை எழுதியவரிடமோ, அவருக்காக அதைக் கையாளும் நிறுவனமான பப்ளிஷரிடமோ இருக்கும். லேபிள் உங்களுக்குக் கொடுத்தது பாதிச் சம்மதம்தான்.

பாதிச் சம்மதத்தால் என்ன ஆகும் என்று தி வெர்வ் இசைக்குழுவுக்குத் தெரியும். 1997இல் வந்த அவர்களுடைய 'பிட்டர் ஸ்வீட் சிம்பொனி'யை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் எதிரே வருபவர்களை இடித்துக்கொண்டே நடக்கும் அந்த வீடியோ உங்கள் ஊர்ப் பக்கம் ஹாக்ஸ்டனில் எடுத்ததுதான். ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் 'தி லாஸ்ட் டைம்' பாட்டை, அவர்களுடைய மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டாமின் பெயரில் இருந்த ஆர்கெஸ்ட்ரா 1960களில் வாசித்துப் பதிவு செய்திருந்தது. வெர்வ் எடுத்தது அதிலிருந்து ஒரு துண்டு. பதிவுக்கு டெக்கா என்ற லேபிளின் அனுமதி கிடைத்தது. மெட்டு இருந்ததோ ஆலன் க்ளைனின் ஆப்கோ நிறுவனத்திடம். ஆல்பம் வெளியாகும் நெருக்கடியில் பேரம் பேசினால் யார் கை ஓங்கும்? ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டின் பெயர் வரிகளுக்கு மட்டும் என்றானது. பாட்டை எழுதியவர்கள் என்று ஸ்டோன்ஸின் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்கள் ஏறின. ராயல்டியும் அந்தப் பக்கமே போனது. பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு அது.

இதில் எரிச்சலூட்டுவது இன்னொன்று. அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு வயலின் பகுதியை அமைத்துக் கொடுத்தவர் டேவிட் விட்டேக்கர். ஸ்டோன்ஸின் மூலப்பாட்டைப் போட்டுக் கேளுங்கள், இந்த வயலினைத் தேட வேண்டியிருக்கும். ஆனாலும் எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. யார் வாசித்தார், யார் யோசித்தார் என்றெல்லாம் இந்த ஏற்பாடு கேட்பதில்லை. காகிதம் யாரிடம் என்பதே கேள்வி. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பங்கை ஆஷ்கிராஃப்டுக்கு விட்டுக்கொடுத்தது 2019இல்தான். அப்படிப்பட்ட பெருந்தன்மையை நம்பி யாரும் பாட்டு போட முடியாது.

உங்கள் புரோக்கர் விஷயத்துக்கு வருவோம். ஐந்து விநாடி விதி என்று ஒன்று பிரிட்டிஷ் சட்டத்தில் கிடையாது. எடுத்தது எவ்வளவு முக்கியமான பகுதி என்பதைத்தான் பார்ப்பார்கள். சான்றிதழ் என்பது அதைவிடப் பெரிய பொய். இங்கே பதிப்புரிமைக்கு அரசுப் பதிவேடே இல்லை, அப்புறம் சான்றிதழ் யார் கொடுப்பார்? வழக்கு வந்தால் அவர் போனை எடுக்க மாட்டார். பாட்டை ஏற்றும்போது 'எல்லா உரிமையும் என்னிடம் உள்ளது' என்று டிக் செய்யப்போவது நீங்கள்தான்.

அடுத்து அவர் '1962 கதை'யை எடுப்பார், பாருங்கள். 1962 வரை வெளியான பதிவுகளுக்கு பிரிட்டனில் பதிப்புரிமை முடிந்துவிட்டது, உண்மைதான். 1963 முதல் வந்தவற்றுக்கு 70 ஆண்டுகள். ஆகவே 1962 அக்டோபரில் வந்த பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' பதிவு இங்கே தப்பித்துவிட்டது. ஆனால் மெட்டுக்கு அது பொருந்தாது. எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு, அதை எழுதியவர்களில் ஒருவரான மெக்கார்ட்னி உயிரோடுதான் இருக்கிறார். போதாததற்கு அமெரிக்காவில் அந்தப் பதிவும் இன்னும் உரிமைக்குள்தான். ஸ்பாட்டிஃபையில் போட்டால் அமெரிக்காவிலும் கேட்குமே! உங்கள் தட்டு எந்த ஆண்டு என்று நீங்கள் சொல்லவில்லை. எந்த ஆண்டாக இருந்தாலும் மெட்டின் அனுமதி வேண்டும்.

இசைத்தட்டின் நடுவட்டத்தில் பப்ளிஷர் பெயர் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அந்த நிறுவனம் கைமாறியிருந்தால், பாட்டு எழுதுபவர்களுக்கும் பப்ளிஷர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பான பி.ஆர்.எஸ். ஃபார் மியூசிக்கிடம் விசாரியுங்கள். பப்ளிஷர் பதில் போட மாதக்கணக்கில் ஆகலாம். சின்ன ஆட்களின் கடிதம் அடியில்தான் கிடக்கும். எத்தனை விநாடி எடுத்தீர்கள், எத்தனை முறை வருகிறது என்பதை மறைக்காமல் எழுதி, அந்தப் பகுதியின் ஆடியோவையும் அனுப்புங்கள். 'கொள்கையளவில் சம்மதம்' என்று வந்தால் அது சம்மதம் அல்ல. அவர்கள் கேட்கும் பங்கு எத்தனை சதவீதம் என்பது எழுத்தில், கையெழுத்தோடு, வெளியீட்டுக்கு முன்பே வர வேண்டும். அதுவரை அந்த வயலின் இல்லாத மிக்ஸ் ஒன்றையும் தயார் செய்து வையுங்கள்.