கண்ணின் புதுக் குருதிக்கலன்களும் குறியீடற்ற ஆர்என்ஏவும்: கேள்வி பதில்

விழித்திரை உயிரியலில் ஆய்வு செய்யும் ஒருவர், கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (உயர்தர உயிரியல் மாணவி, பம்பலப்பிட்டி): ஐயா, புரதம் எதையும் ஆக்காத, அதாவது குறியீடற்ற, ஆர்என்ஏவால் என்ன பயன்?

பதில்: எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது, மகள். ஏறத்தாழ 22 நியூக்கிளியோதைட்டு (ஆர்என்ஏ இழையின் அலகு) நீளமான மைக்ரோ ஆர்என்ஏ, புரதம் ஆக்குவதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏக்களில் தனக்குப் பொருந்துவதில் ஒட்டிக்கொண்டு புரத ஆக்கத்தைக் குறைக்கிறது. 1993 இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024 இல் நோபல் பரிசு கிடைத்தது. 200 நியூக்கிளியோதைட்டுகளுக்கு மேற்பட்ட நெடிய வகையும் உண்டு.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். விழித்திரையில் புது நாளங்கள் வளர்ந்திருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். அவை ஏன் வளர்கின்றன?

பதில்: உயர்ந்த குளுக்கோசு விழித்திரையின் மயிர்த்துளைக் குழாய்களைச் சிதைத்து அடைத்துவிட, ஒட்சிசன் கிடைக்காத கலங்கள் விஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைப் பெருமளவு சுரக்கின்றன. அதனால் முளைக்கும் நாளங்கள் நலிந்தவை. அவை கசிந்து குருதி பெருகும், பின்னர் தழும்பாகி விழித்திரையை இழுக்கும். விஈஜிஎஃபின் அளவைத் தாழ்த்தி வைக்கும் மைக்ரோ ஆர்என்ஏ-200பி, நீரிழிவுள்ள எலிகளின் விழித்திரையில் குறைந்திருந்தது; அதைக் கண்ணுள் செலுத்தியபோது விஈஜிஎஃபும் கசிவும் குறைந்தன. மியாட் என்ற நெடிய ஆர்என்ஏ எதிர்த்திசையில் இயங்குகிறது: விஈஜிஎஃபை அடக்கக்கூடிய மைக்ரோ ஆர்என்ஏ-150ஐத் தன்னோடு பிணைத்து வைத்து, விஈஜிஎஃப் உயர வழிவிடுகிறது.

கேள்வி (மருத்துவபீட மாணவர், வெள்ளவத்தை): மைக்ரோ ஆர்என்ஏ-126 நாள வளர்ச்சியைத் தூண்டுகிறது என்றும் அடக்குகிறது என்றும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. முளைய நிலையில் அது, விஈஜிஎஃப் சமிக்ஞையைத் தணிக்கும் ஸ்ப்ரெட்1 புரதத்தைக் குறைப்பதால் வளர்ச்சிக்குத் துணைபோகிறது. அது இல்லாத எலி முளையங்கள் சில குருதிப்பெருக்கால் இறந்தன. ஆனால் ஒட்சிசன் குறைந்த விழித்திரையில் அதை மீள உயர்த்தியபோது வேண்டாத நாளங்கள் குறைந்தன.

அந்தச் சோதனை முறையைச் சற்று விளக்க வேண்டும். பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளைத் தாயோடு 75 சதவீத ஒட்சிசனில் ஐந்து நாள் வைக்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி நாளங்கள் மறைந்துபோகின்றன. பின்னர் சாதாரண காற்றுக்குக் கொண்டுவந்ததும் அப்பகுதி ஒட்சிசனுக்கு ஏங்க, 17ஆம் நாளளவில் விழித்திரை மேற்பரப்பில் கொத்துக்கொத்தாய் நாளங்கள் எழுகின்றன. இது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயை ஒத்தது. பல்லாண்டு நீரிழிவை ஒத்ததன்று. எனவே எந்தக் கலம், எந்த வளர்ச்சிக் கட்டம், அந்த ஆர்என்ஏயின் எந்த இழை என்று கேட்காமல் ஒரு மைக்ரோ ஆர்என்ஏயை நல்லது, கெட்டது என்று வகுப்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி (தெஹிவளை): ஆர்என்ஏ மருந்து ஏதும் வந்துள்ளதா?

பதில்: 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்டனிப், விஈஜிஎஃப் புரதத்தையே பற்றிக்கொள்ளும் ஆர்என்ஏ மூலக்கூறு, அதைவிடச் சிறந்த பயன் தந்த ரனிபிசுமாப் போன்ற மருந்துகள் வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. விஈஜிஎஃப் தூது ஆர்என்ஏயை அழிக்க வடிவமைத்த பெவாசிரனிப்பின் மூன்றாம் கட்டச் சோதனை 2009 இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான எலி ஆய்வொன்று, எந்த நியூக்கிளியோதைட்டு வரிசையுடைய குறுகிய இரட்டை இழை ஆர்என்ஏயும், விஈஜிஎஃபைக் குறிவைக்காமலே, கலத்தின் வெளியிலுள்ள டிஎல்ஆர்3 என்னும் நோயெதிர்ப்பு வாங்கியைத் தூண்டியே நாளங்களைத் தடுக்கக்கூடும் எனக் காட்டியிருந்தது. அதனால்தான் இத்துறைக் கட்டுரை எதுவானாலும், ஒப்பீட்டுக்கு எந்த வரிசையைப் பயன்படுத்தினார்கள் என்பதையே நான் முதலில் தேடுகிறேன்.

கேள்வி (மீண்டும் கொட்டாஞ்சேனை): அப்படியானால் புது மருந்து வரும்வரை அம்மாவின் ஊசியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். விஈஜிஎஃப் எதிர்ப்பு ஊசியும் லேசரும் இன்று பார்வையைக் காக்கும் சிகிச்சைகள். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரை இருக்காமல் அன்றே கண் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.